மார்கழிக்கு முன்பே காலியான வீடு

1. மலேசியாவின் கிள்ளானில் ஒரு மாடி வீட்டைப் பார்த்தேன். பிடித்துவிட்டது.
2. உரிமையாளர் விமலா அக்கா. கணவர் இறந்தபின் வங்கித் தவணையைக் கட்ட முடியாமல் விற்க வந்தவர்.
3. பேசி முடித்த விலை, அவருடைய கடன் பாக்கியைவிடக் குறைவு. வங்கி சம்மதித்தால்தான் விற்கலாம். இதற்குப் பெயர் ஷார்ட் சேல்.
4. சம்மதம் வருமுன்பே அக்கா வீட்டைக் காலி செய்தார்.
5. வங்கி சம்மதித்தது. நான் விலகிவிட்டேன்.

ஏன் அவசரப்பட்டுக் காலி செய்தார் என்கிறீர்களா? மார்கழி வரப்போகிறதே!

"பொறந்துட்டா சாமி படத்த நகர்த்த முடியாது, தினேஷு. இப்பவே ஜெஞ்சாரோம்ல தம்பி வீட்டுக்குப் போயிடவா?"

"போங்க லா அக்கா. பையர் ரெடி, விலை பேசியாச்சு. பேங்க் லெட்டர் சும்மா ஃபார்மாலிட்டி," என்றார் ஏஜெண்ட் தினேஷ்.

"லெட்டர் வரட்டுமேக்கா," என்றேன் நான்.

"ஏம்மா, நீ வேணாம்னு சொல்லிடுவியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன?"

மார்கழி முழுக்க வங்கியிடமிருந்து பதில் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் யாரோ புகுந்தார்கள். மின்கம்பிகளை உருவிக்கொண்டு போனார்கள். ஏர்கான், குழாய்கள், கிரில் கதவு... எதையும் விடவில்லை.

பொங்கல் முடிந்து சம்மதக் கடிதம் வந்தது. ஆனால் எனக்குக் கடன் தரவிருந்த வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்ததோ, சூறையாடப்பட்ட வீட்டை. என் கடனைக் குறைத்துவிட்டார்கள். மீதியைப் புரட்ட என்னால் முடியவில்லை. விலையை இன்னும் குறைக்க அக்காவின் வங்கி ஒப்பவில்லை.

போனில் சொன்னேன்.

"தை பொறந்தா வழி பொறக்கும்னாங்க. யாருக்குன்னு சொல்லல," என்றார் அக்கா. பிறகு, "உனக்காச்சும் நல்ல வீடா அமையட்டும்மா."

திட்டியிருக்கலாம் அவர்.

ஷார்ட் சேலில் வீடு வாங்கப் போகிறவர்களே, அங்கே விற்பவர் இரண்டு பேர். ஒருவர் டீ போட்டுக் கொடுத்துச் சிரித்துப் பேசுவார். மற்றவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டீர்கள் — முடிவு அவர் கையில். அவர் மெதுவாகத்தான் வருவார். காத்திருக்க முடியாதென்றால் வேறு வீடு பாருங்கள்.

ஏஜெண்டுகளே, கடிதம் கைக்கு வரும்வரை 'முடிந்தது' என்று சொல்லாதீர்கள். அதுவரை விற்பவர் அந்த வீட்டிலேயே குடியிருக்கட்டும். விற்ற பிறகும் மிஞ்சும் பாக்கியை வங்கி விட்டுக்கொடுக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு அது இன்னொரு கேஸ். அவருக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான்.

இன்றைய நிலை: வீடு லெலோங்குக்குப் போகிறது, கேட்டில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஏலத்தில் கடன் அடையாவிட்டால் மிச்சத்தை விமலா அக்காதான் கட்ட வேண்டும். நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருக்கிறேன்.