படலைக்கு வெளியே நின்று கேட்ட கேள்வி

ஊர்காவற்றுறைக் கரைக்கு யார் நிதி சேர்க்க வந்தாலும், கட்சிக்காரராக இருந்தாலென்ன, கழகத்துப் பெடியளாக இருந்தாலென்ன, கரையில் நின்றவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"அம்புறோசைக் கேளுங்கோ. அவர் ஓம் எண்டால் நாங்களும் ஓம்."

அம்புறோஸ் பெரிய சம்மாட்டி ஒன்றுமில்லை. சொந்தமாக ஒரு வள்ளம்கூட அவருக்குக் கிடையாது. மீனைக் கூறி ஏலம் விடுவது அவர் தொழில். காலையில் வள்ளங்கள் வந்து மீனைக் கொட்ட, சுற்றிவர வியாபாரிகள் நிற்க, நடுவில் நின்று விலை கூவுவார். இருபத்தைந்து வருடம் காற்றோடும் கடலோடும் போட்டி போட்டுக் கத்திய தொண்டை. மெதுவாகக் கதைப்பது என்றால் என்னவென்றே அந்த மனிசனுக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சுவாமியார் காதைப் பொத்திக்கொள்வார். வரிசையில் நிற்கிற பெண்கள் அவருடைய பாவங்களை எல்லாம் கேட்டுவிட்டு முக்காட்டுக்குள் சிரிப்பார்கள்.

"கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும். ஊருக்கும் ஏன் சொல்லுறியள்?" என்று மனைவி மாக்கிறேற் திட்டுவாள்.

காசு கேட்டு வருகிற எவரையும் நம்பாத சந்தேகப் பிராணியாக அவர் எப்போதும் இருந்தவர் அல்ல. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. திருநாளுக்கு முன் ஒரு நாள், எல்லா வள்ளங்களும் பிடித்து வருகிற மீன் முழுவதும் கோயிலுக்குப் போகும். ஒருவரும் தனக்கென்று ஒரு சின்னச் சூடை மீன்கூட எடுக்கமாட்டார். அறுபத்தோராம் ஆண்டு, யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் நடந்த நாட்களில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்து, பிடிபட்டு மறியலுக்குப் போகிறவர்களின் குடும்பங்களுக்கும் அப்படி ஒரு நாள் மீன் தாருங்கள் என்று கேட்டார். முதலில் ஓம் என்றவர் அம்புறோஸ்தான். அன்று தொண்டை கிழியக் கூறி, என்றுமில்லாத விலைக்கு விற்று, காசைச் சால்வையில் முடிந்து அந்த மனிதரின் கையில் கொடுத்தார். கண் கலங்கக் கும்பிட்டுவிட்டுப் போன மனிதர் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு புதுத் தேத்தண்ணிக் கடையில், காசு மேசைக்குப் பின்னால் அம்புறோஸ் அவரைக் கண்டார். "வாருங்கோ அண்ணை, என்ன குடிக்கிறியள்?" என்று அந்த ஆள் வாயெல்லாம் பல்லாகக் கேட்டான். அம்புறோஸ் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். தேர்தல் காலத்தில் யீப்பில் வந்து உண்டியல் நீட்டியவர்களிடம், "இந்த யீப்புக்கு எண்ணெய் அடிக்கிறது ஆற்ற காசு?" என்று கேட்பார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் காட்டினால் வாங்கி, நடுவில் ஒற்றைத் தாள் கிழிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். கடைசியாக ஒரு கேள்வி வைத்திருப்பார். "போனமுறை சேர்த்ததை ஆருக்குக் குடுத்தனியள்? ஒரு பேர் சொல்லுங்கோ." அந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்கு வியர்க்கும். பெயர் சொன்னால், அம்புறோஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளை நேரில் விசாரித்துவிட்டுத்தான் மறுபேச்சு. இப்படி எத்தனையோ புளுகர்களைப் பிடித்தார். கரைக்கு அவர் ஒரு காவல்நாய் மாதிரி. அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம் வேலணையிலிருந்து விநாயகமூர்த்தி மாஸ்ரர் வந்தார். விசாரணை இல்லாமல் கொழும்பு மறியலில் அடைத்து வைத்திருக்கும் பெடியன்களின் குடும்பங்களுக்கு உதவவும், வழக்கறிஞர் வைக்கவும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சபை நடத்துவதாகச் சொன்னார். கரையின் ஒரு நாள் மீன் கிடைத்தால் பெரிய உதவி என்றார்.

அம்புறோஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். செருப்பின் வார் கம்பியால் கட்டியிருந்தது. நேர்மையான மனிதர்போல என்று மனது ஒருகணம் இளகியது. உடனே, பிய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வர எந்தக் கள்ளனாலும் முடியுமே என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

"ஆருக்குக் குடுத்தனியள் எண்டு ஒரு பேர் சொல்லும் மாஸ்ரர்."

"அதைச் சொல்ல ஏலாது அம்புறோஸ். பொலிஸ் தேடித் திரியுது. குடும்பங்களும் வெளியில சொல்லப் பயப்படுகுதுகள்."

"கள்ளனும் இதைத்தானே சொல்லுவான்?"

மாஸ்ரருக்கு முகம் சிவந்தது. பிறகு அம்புறோசைத் தனியே கூட்டிப்போய், "சுருவிலில இராசமணி எண்டு ஒரு மனிசி. உமக்கு மட்டும் சொல்லுறன். பக்குவமாப் போய்க் கேளும்" என்றார்.

"எனக்குப் பக்குவம் படிப்பிக்க வேண்டாம்" என்றார் அம்புறோஸ். அதைக் கரை முழுவதும் கேட்டது. நல்லவேளை, மாஸ்ரர் சொன்ன பெயர் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே சுருவிலுக்குச் சைக்கிள் மிதித்தார். இராசமணியின் வளவு பெரியது. வேலிப் படலையிலிருந்து வீட்டுக்கு முப்பது பாகம் தூரம் இருக்கும். படலை திறந்துதான் கிடந்தது. ஆனால் கடற்கரை ஆட்களை அந்தக் குறிச்சியில் உள்ளே கூப்பிட்டு இருத்துகிற வழக்கம் இல்லை. மீன் விற்கப் போகிறவர்கள் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் சட்டியோடு வருவார்கள். அம்புறோசும் பழக்கதோசத்தில் மீன்காரர் நிற்கிற இடத்தில் நின்றார். மீன்காரரின் குரலிலேயே கேட்டார்.

"அம்மா! மகன் மறியலில எண்டு வேலணைச் சபைக்காரர் உங்களுக்குக் காசு தந்தவையோ?"

பக்கத்து வளவில் வேலி அடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. வாசலுக்கு வந்த இராசமணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு குமர்ப்பிள்ளை எட்டிப் பார்த்து மறைந்தது.

"என்ர மகன் கொழும்பில கடையில நிக்கிறான்" என்றாள் இராசமணி. "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை. நீர் வீடு மாறி வந்திட்டீர். போம்!"

செவுளைப் பார்த்து இது நேற்றைய மீன், இது இன்றைய மீன் என்று சொல்லுகிற மனிதர்தான். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததைக் கண்டார். ஏழை என்று நினைத்துவிட்டானே என்ற கோபமாக்கும் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது அவருக்கு மனதுக்குள் ஒரே குதூகலம். இன்னொரு கள்ளனைப் பிடித்தாயிற்று!

மறுநாள் மாஸ்ரர் கரைக்கு வந்ததும் வராததுமாக அம்புறோஸ் தொடங்கிவிட்டார். "எல்லாரும் கேளுங்கோ! இவையள் காசு குடுத்ததாச் சொன்ன மனிசி, ஒரு சதமும் காணேல்லை எண்டு சொல்லுறா. மகன் மறியலிலயே இல்லையாம்! படிச்ச கள்ளர்!"

மாஸ்ரர் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார்.

"நீர் எப்பிடி அம்புறோஸ் கேட்டனீர்?" என்று மட்டும் கேட்டார்.

"வாயாலதான் கேட்டனான்!"

கரை சிரித்தது. யாரோ எறிந்த மீன்குடல் மாஸ்ரரின் வேட்டியில் வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸடிக்கு நடந்தார். இந்தக் கதை மற்றக் கரைகளுக்கும் போயிற்று. எங்கும் மாஸ்ரரின் சபைக்குக் கொடுக்கிற கை சுருங்கியது.

மூன்று கிழமை போயிருக்கும். ஒரு மத்தியானம் மாக்கிறேற் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது, தலையில் சேலைத் தலைப்பை இழுத்துவிட்ட ஒரு பெண் படலையைத் திறந்து, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தாள். அம்புறோஸ் இருந்த கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். வந்தவள் இராசமணி.

அவள் கதிரையில் இருந்தாள். பிறகு, பக்கத்தில் நின்ற மாக்கிறேற்றுக்கே கேளாத குரலில் சொன்னாள்:

"இப்பிடி மெதுவாவும் கதைக்கலாம் அண்ணை."

அவளுடைய மகன் பதின்மூன்று மாதமாக மறியலில். பார்க்கப் போக ரயில் காசு தந்ததும், வழக்கறிஞர் வைத்ததும் மாஸ்ரரின் சபைதான். மகளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். தமையன் மறியலில் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள். அதனால் ஊருக்கு ஒரே பொய். கரைகள் கைவிட்டதால் சபையிடம் காசில்லை. போன வழக்குத் தவணைக்கு வழக்கறிஞர் போகவில்லை. அடுத்த தவணை இன்னும் பத்து நாளில்.

"உள்ளை வந்து கேட்டிருந்தால் நான் உள்ளதைச் சொல்லியிருப்பன்" என்றாள்.

"என்னை ஆரம்மா உள்ளை வா எண்டது?"

கோபத்தில் கேட்கவில்லை. அவருடைய குரலும் அன்றைக்குத்தான் அவ்வளவு தாழ்ந்து வந்தது. இராசமணி நிலத்தைப் பார்த்தாள்.

"ஓம். நான் கூப்பிடேல்லை."

மாக்கிறேற் தேத்தண்ணி கொண்டுவந்து, கொடுப்பதா விடுவதா என்று தயங்கி நின்றாள். இராசமணி கை நீட்டி வாங்கி, அடிமட்டும் குடித்தாள். போகும்போது ஒன்றுதான் கேட்டாள். "கள்ளர் எண்டு சொன்ன வாயாலயே நல்லவை எண்டும் சொல்லிவிடுங்கோ. என்ர பேர் மட்டும் வரப்படாது."

அம்புறோஸ் நெற்றியில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். அவள் போனபின் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பன்னிரண்டு வருடம் கள்ளரைத் தேடி அலைந்து, கடைசியில் ஒரு தாயின் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று நெஞ்சு கொதித்தது.

"நாளைக்கே கரையில சொல்லுறன். ஒரு நாள் மீன் போதும்" என்றார்.

"கரை நம்பாது" என்றாள் மாக்கிறேற். "நீங்கள் பழக்கின கரை." காதிலிருந்த தோடு இரண்டையும் கழற்றி ஒரு சீலைத்துண்டில் முடிந்து கொடுத்தாள். "கரை குடுத்தால் இதைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. குடாட்டி மாஸ்ரரிட்டைக் குடுத்திட்டு வாங்கோ."

மறுநாள் காலை, அந்த முடிச்சைச் சாரத்தின் மடியில் செருகிக்கொண்டு கரைக்குப் போனார். ஒட்டியும் விளையும் பாரையுமாக நல்ல மீன் பட்டிருந்தது. ஏலத்துக்கு முன் கையை உயர்த்தினார்.

"மாஸ்ரரை நான் கள்ளன் எண்டது பிழை. அந்தச் சபை நல்ல சபை. வாற வெள்ளி ஒரு நாள் மீனை அவைக்குக் குடுப்பம்."

கரை ஆளையாள் பார்த்தது. இளம் சம்மாட்டி சில்வெஸ்ரர் முன்னுக்கு வந்தான். யாரையும் நம்பாதே என்று அம்புறோசின் வாயால் கேட்டே வளர்ந்தவன் அவன்.

"ஆருக்குக் குடுக்கினம் அண்ணை? போய்ப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"ஆர்?"

"சொல்ல ஏலாது."

"அண்டைக்கு ஒரு மனிசி காசு காணேல்லை எண்டு சொன்னதெண்டியள். இப்ப என்ன நடந்தது?"

"அதையும் சொல்ல ஏலாது, தம்பி."

ஒரு பெயர் போதும். சுருவில் இராசமணி என்ற இரண்டு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் கரை முழுவதும் ஓம் என்றுவிடும். இருபத்தைந்து வருடம் எதையும் ஒளிக்கத் தெரியாத அந்தத் தொண்டைக்குள் அந்தப் பெயர் முள்ளாகச் சிக்கி நின்றது. அவருடைய கை தானாக மடியைத் தொட்டது.

சில்வெஸ்ரரின் கண்ணும் மடிக்குப் போனது. அங்கே புடைத்திருந்த முடிச்சை அவன் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"குறை நினைக்காதையுங்கோ அண்ணை" என்றான். "உங்களுக்கு எவ்வளவு தந்தவங்கள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்புறோஸ் சீலை முடிச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, முதல் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கூறுங்கோ அண்ணை, வெயில் ஏறுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்று அவர் கூறிய முதல் விலை வியாபாரிகளுக்குக் கேட்கவில்லை. கிட்ட வந்து, என்ன சொன்னீர் என்று திரும்பக் கேட்டார்கள்.