தனேஸ்வரனின் கொம்பைலர் வாய் திறக்காத வியாழக்கிழமை

உலகத்தில் கொம்பைலர் எழுதியவர்கள் பலர். விழுந்தால் மன்னிப்புக் கேட்கும் கொம்பைலர் எழுதியவர் நமக்குத் தெரிந்தவரை ஒருவர்தான். பெயர் தனேஸ்வரன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதுளை பஸாரில் புஹாரி முதலாளியின் துணிக்கடை மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தியவர். அவருடைய வரலாற்றில் பிறந்த தேதி, கலியாணத் தேதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் இரண்டே இரண்டு நாட்கள்தான் வாசிக்கத் தகுந்தவை. இரண்டிலும் அவர் ஒரே தவறைத்தான் செய்தார்.

முதல் நாள் 1998இல் வந்தது. அப்போது அவர் தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்து அனுப்புவது அவர் பொறுப்பு. புதிதாகத் தோட்டத்து மனேஜராக வந்த பெரிய துரை, "செக்ரோல்ல சும்மா இருக்கிற பெயரையெல்லாம் வெட்டு" என்று உத்தரவு போட்டார். தனேஸ்வரன் உத்தரவை நேசிக்கும் மனிதர். மூன்று மாதச் செக்ரோல் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டி, எந்தக் கங்காணியும் ஒரு தடவைகூட வேலைக்குக் கூப்பிடாத ஆள் யார் என்று தேடினார். ஒரே ஒருவன் அகப்பட்டான். சடையன்.

சடையன் பெரட்டுக்கே வருவதில்லை. ஏழாம் நம்பர் மலை உச்சிப் பாறையில் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு உட்கார்ந்திருப்பான். குளவி எழும்பினால் தகரத்தைத் தட்டுவான், கொழுந்து பறிக்கிற பெண்கள் ஓடித் தப்புவார்கள். அவனை வேலைக்குக் கூப்பிட்டவர் கங்காணி இல்லை, குளவி. குளவிக்குப் பெரட்டில் இடமில்லாததால் அந்தத் தகவல் புத்தகத்தில் ஏறவில்லை. தனேஸ்வரன் சிவப்புப் பேனாவால் பெயரை வெட்டினார்.

மூன்றாம் வாரம் ஏழாம் நம்பரில் குளவி எழும்பியது. தகரம் தட்ட ஆளில்லை. புண்ணியத்துக்கு அன்று அந்த மலையில் கொழுந்து பறிப்பு இல்லை. மேற்பார்வைக்குப் போன பெரிய துரையும் தனேஸ்வரனும் மட்டுமே இருந்தார்கள். டிஸ்பென்சரியில் துரையின் முகத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். மறுநாள் சடையன் பெயர் திரும்ப ஏறியது. தனேஸ்வரன் பெயர் வெட்டுப்பட்டது. வீங்கிய முகத்தோடு பதுளைக்கு பஸ் ஏறியவர், கொம்பியூட்டரைக் குளவி கொட்டாத தொழில் என்று நம்பிப் படித்தார்.

பதினோரு வருஷம் கழித்து அவர் எழுதி முடித்த கொம்பைலருக்குப் பெயர் 'பெரட்டு'. பிள்ளைகள் "கூட்டு", "வகு", "திரும்பச் செய்" என்று தமிழில் எழுதும் கட்டளைகளை மெஷினுக்கு விளங்கும் பாஷையாக மாற்றித் தருவது அதன் வேலை. மற்றக் கொம்பைலர்களும் இதைச் செய்யும். பெரட்டின் அருமை அது விழும்போதுதான் தெரியும். ஏதாவது கணக்கில் சிக்கிச் செத்துப்போனால், திரையில் இப்படி எழுதிவிட்டுத்தான் சாகும்:

"மன்னிக்கணும். நான் விழுந்துட்டேன். விழுந்த இடம்: கூட்டல். அங்கே அனுப்பினது: கணக்கு. கணக்கை அனுப்பினது: வரிவாசிப்பு. பிழை என்னுடையது, உங்களுடையது இல்லை."

இதைப் பார்க்கத்தான் கல்விக் காரியாலயத்திலிருந்து ஸவாஹிரா மிஸ் வந்தார். லுணுகலையைச் சுற்றிப் பதினோரு தோட்டப் பாடசாலைகளுக்குக் கொம்பியூட்டர் பாடம் ஆரம்பிக்கும் பொறுப்பு அவருடையது. எந்தப் பாடசாலையிலும் இன்டர்நெட் கிடையாது. மெஷின் விழுந்தால் டீச்சர் ரோட்டுக்கடை டெலிபோனில் பதுளைக்குக் கூப்பிட்டு, திரையில் இருந்து எழுதி எடுத்ததை வாசித்துக் காட்ட வேண்டும். அதைக் கேட்டு தனேஸ்வரன் இங்கிருந்தே வைத்தியம் சொல்ல வேண்டும்.

"பிழை என்னுடையது எண்டு பிள்ளைக்குச் சொல்ற மெஷினை நான் இப்பதான் பாக்கிறேன்" என்றார் ஸவாஹிரா. "ஆனா மாஸ்டர், ஒரு கணக்குக்கு நாலு நிமிஷம் எடுக்குதே. பாடமே நாப்பது நிமிஷம்."

"குறைச்சிடலாம் மிஸ்."

"அடுத்த வியாழக்கிழமை திரும்ப வாறன். குறைஞ்சா பதினொரு ஸ்கூலுக்கும் இதுதான். இல்லாட்டி கொழும்பால வாற இங்கிலீஷ் புரோகிராம்."

தனேஸ்வரன் அந்த வாரம் முழுக்க மெஷினோடுதான் உட்கார்ந்தார். பெரட்டு முப்பது தனித்தனி பைல்களில் எழுதப்பட்டிருந்தது. வழக்கமாக ஒவ்வொரு பைலையும் தனியாகச் சீராக்கி, கடைசியில் லிங்கர் என்கிற புரோகிராம் எல்லாவற்றையும் சேர்த்துக் கோக்கும். புதிதாக வந்த லிங்கரில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டால், கோக்கும் நேரத்தில் முப்பது பைலையும் ஒரே களத்தில் வரிசையாக நிறுத்தி, யாருக்கு யார் வேலை கொடுக்கிறார்கள் என்று பார்த்து, வேலையற்றவர்களைக் கழித்துவிடும். தனேஸ்வரன் போட்டார். நாலு நிமிஷம் வெறும் ஐம்பது விநாடியாகக் குறைந்தது.

புஹாரி முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பி, ஒங்கட மெஷினுக்கு ரெக்கை மொளைச்சீக்கி!" என்று சொல்லி, வியாழக்கிழமைக்கு வட்டிலப்பம் செய்யும்படி மனைவி ஜெனீராவுக்குக் கட்டளையிட்டார்.

வியாழக்கிழமை ஸவாஹிரா மிஸ் லுணுகலைப் பிள்ளைகள் எழுதிய கணக்கொன்றைக் கொண்டுவந்திருந்தார். முன்வரிசையில் முதலாளி. மெஷின் ஓடியது, ஓடியது, நின்றது. கறுப்புத் திரை. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"முடிச்சிட்டுதா?" என்றார் ஸவாஹிரா.

"விழுந்திருச்சுங்க மிஸ்."

"எப்படித் தெரியும்?"

"முடிச்சிருந்தா விடை வந்திருக்குமே."

"அப்ப மன்னிப்பு எங்க?"

தனேஸ்வரன் திரையைப் பார்த்தார். திரை தனேஸ்வரனைப் பார்த்தது.

"கோவிச்சுக்கிட்டு ஈக்கிது போல" என்று முதலாளி சமாதானம் சொன்னார்.

"விழுறது பரவாயில்ல மாஸ்டர்" என்றார் ஸவாஹிரா. "எல்லாம் விழும். ஆனா இதை டெலிபோன்ல எப்படி வாசிக்கிறது? கறுப்பா ஈக்கி எண்டா? ரெண்டரைக்கு என்ட பஸ். அதுக்குள்ள பேசவைங்க, இல்லாட்டி விடுங்க." சொல்லிவிட்டு ஜெனீராவின் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினார்.

மணி ஒன்று. தனேஸ்வரன் அதே கணக்கைப் பழைய பெரட்டில் ஓட்டினார். நாலு நிமிஷம் முக்கி முனகி விழுந்து, அழகாக மன்னிப்புக் கேட்டது. புதியதில் ஓட்டினார். ஐம்பது விநாடியில் விழுந்து, ஊமையாய்க் கிடந்தது. எழுத்தில் ஒரு வரி மாற்றமில்லை. மாறியது அந்த ஒரு சுவிட்ச். இரண்டிலும் உள்ள வேலைக்காரப் பகுதிகளின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பெரட்டில் கூப்பிடுவது போலவே சத்தமாக வாசித்தார். பழையதில் 'வாக்குமூலம்' என்றொரு பெயர் இருந்தது. மன்னிப்பு எழுதுகிற பகுதி அதுதான். புதியதில் அந்தப் பெயரே இல்லை.

வாக்குமூலத்தை முப்பது பைலில் ஒருவரும் கூப்பிடுவதில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? விழும்போது மட்டும், மெஷினின் சொந்தப் பாஷையில் எழுதிய நாலு வரி அதை எழுப்பும். அந்த நாலு வரியைப் படிக்க லிங்கருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு தனேஸ்வரனே அந்த வரிகளில், ஆள் இருந்தால் எழுப்பு, இல்லாவிட்டால் சும்மா போ என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தார். ஆகவே லிங்கர் களத்தைப் பார்த்தது, கூப்பிடப்படாத ஒருவனைக் கண்டது, வெட்டியது. யாரும் சத்தம் போடவில்லை.

"சடையா!" என்று கத்தினார் தனேஸ்வரன்.

வட்டிலப்பத் தட்டோடு படியேறிய முதலாளி பயந்து நின்றார். "ஆரு தம்பி சடையன்?"

"குளவிக்குத் தகரம் தட்டுற ஆளுங்க முதலாளி. அன்னிக்கு நான் வெட்டினேன். இன்னிக்கு இது வெட்டியிருக்கு."

முதலாளி மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார். "இதுக்குள்ள குளவியும் ஈக்கா?" என்று கேட்டு, தட்டைத் தூரமாக வைத்தார்.

வைத்தியம் ஒரே வரி. யாரும் கூப்பிடாவிட்டாலும் இந்த ஆளை வெட்டாதே என்று வாக்குமூலத்தின் தலையில் ஒரு குறி. ஆனால் முப்பது பைலையும் புதிய லிங்கர் திரும்பக் கோக்க முப்பத்தைந்து நிமிஷம் வேண்டும். மணி ஒன்று ஐம்பது. முப்பத்தைந்து நிமிஷமும் தனேஸ்வரன் மெஷினுக்கு முன்னால், துரைக்கு முன்னால் நிற்பதுபோல் கைகட்டி நின்றார். இரண்டு இருபத்தைந்துக்கு அது முடிந்தது. ஸவாஹிரா மிஸ் கைப்பையோடு வாசலில் நின்றார்.

"ஓட்டுங்க, நிண்டுகிட்டே பாக்கிறன்."

நாற்பத்தெட்டாவது விநாடியில் மெஷின் நின்றது. கறுப்புத் திரை. பிறகு:

"மன்னிக்கணும். நான் விழுந்துட்டேன். விழுந்த இடம்: வகுத்தல்..."

"அல்ஹம்துலில்லாஹ், விழுந்திருச்சி!" என்று முதலாளி கைதட்டினார். ஒரு புரோகிராம் செத்ததற்குப் பதுளை பஸாரில் கைதட்டல் விழுந்தது அன்றுதான்.

"ஏன் விழுந்தது?" என்றார் ஸவாஹிரா.

"வகுத்தல்ல விழுந்திருக்கு. பூச்சியத்தால வகுக்கச் சொல்லியிருக்காங்க. மாட்டேன்னு சொல்ல நான் அதுக்குப் பழக்கல மிஸ். பிழை பெரட்டோடதுதான்."

"ஒங்கடது எண்டு சொல்லுங்க" என்று சிரித்த ஸவாஹிரா, படிக்கட்டின் கைப்பிடியில் பதினோரு பாடசாலைக்கான அனுமதிக் கடுதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இரண்டு வாரம் கழித்து துணிக்கடை டெலிபோன் அடித்தது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையின் லக்ஷிகா டீச்சர்.

"சேர், பெரட்டு விழுந்திருச்சு."

"விழுந்திருச்சா? ரொம்ப சந்தோஷம்! வாசிங்க, வாசிங்க."

டீச்சர் 'மன்னிக்கணும்' தொடங்கி 'உங்களுடையது இல்லை' வரைக்கும் வாசித்தார். தனேஸ்வரன் கண்ணை மூடிக் கேட்டார்.

"சரியா எழுதியிருக்கு டீச்சர். எங்க விழுந்ததுன்னு வெளங்கிருச்சு. இன்னிக்கே திருத்தி நாளைக்கு பஸ்ல அனுப்பிர்றேன்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். கூடவே ரோட்டுக்கடைக்கு வந்திருந்த பிள்ளைகளின் கூச்சல் பின்னால் கேட்டது.

"சேர், அவசரமில்லீங்க. பிள்ளைங்க அதே கணக்கைப் போட்டுப் போட்டு இன்னிக்கு ஒன்பது தடவை வேணும்னே விழ வெச்சிருக்காங்க. பெரிய ஆள் யாரும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதில்ல பாருங்க. இந்தத் தவணை முடியட்டும், அப்புறம் திருத்துவோமே?"