எந்த அரிசி?

தொண்ணூறுகளில் ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் கோயில் நிர்வாகிகள் நடத்திய மாலைநேரத் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் நான்கு ஆசிரியைகள். ராணுவ ஆட்சி என்பதால் சங்கம் என்ற சொல்லை அப்போது ரங்கூனில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வகுப்பு விஷயம் பேசணும்" என்றுதான் நிர்வாகிகள் முன்னால் போய் உட்காருவோம்.

நாங்கள் கேட்டது சம்பளத்துக்கு ஒரு வரிசை. புதிதாக வருபவருக்கு இவ்வளவு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இவ்வளவு ஏற்றம் என்று. எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. நேற்று வந்த பெண்ணுக்கும் எனக்கும் ஒரே சம்பளம். அதில் பாதி பஸ்ஸுக்கே போனது. இந்த முறையும் படியவில்லை என்றால், திங்கட்கிழமை முதல் லான்மடாவ் பேட்டையில் என் கணவரின் அண்ணன் கடையில் பில் எழுதுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிட்டு சோப்புக்கட்டிகளுக்கு நடுவே உட்கார எனக்கு மனமே இல்லை.

நிர்வாகிகள் ஒரு தொகைக்குத் தலையாட்டுவார்கள்; அது எங்கள் கைக்கு வருவதற்குள் விலைவாசி எங்கோ போயிருக்கும். இரண்டு முறை அப்படி ஏமாந்தோம். மூன்றாவது கூட்டத்தில் செயலாளர் மறுபடி ஏதோ தொகை சொல்ல, எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, காசுல பேசாதீங்க, அரிசியில பேசுங்க. புதுசா வர்றவங்களுக்கு ஒரு மூட்டை. அஞ்சு வருசத்துக்கு அரை மூட்டை கூட. மாசம் ஒண்ணாந்தேதி மூட்டை என்ன வெலையோ, அந்தக் காசக் குடுங்க."

செயலாளர் அரிசி வியாபாரி. முகம் மலர்ந்துவிட்டது. "சரி சயாமா," என்றார்; பர்மாவில் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். " ஆனா மூட்டைன்னா மட்ட ரக அரிசி மூட்டைதான்."

நாங்கள் மணக்கும் போசான் அரிசியைச் சொன்னோம். தொகையில் இருந்த இழுபறி அரிசிக்கு இறங்கி அரைமணி நேரம் ஓடியது. வகுப்பில் அதட்டுகிற என் குரல் தானாகக் கிளம்பிவிட்டது.

"இன்னைக்கு உங்க வீட்டுல எந்த அரிசி வெந்துச்சு?"

 செயலாளருக்குப் பக்கத்தில் இருந்த தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போசான்தான் சயாமா. மத்தியானம் நானே அங்கதான் சாப்பிட்டேன். போசான்னே எழுதுங்கய்யா."

எழுதினார்கள். என் கணக்குக்கு இரண்டு மூட்டை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

நேராக லான்மடாவ் போனேன். கணவரின் அண்ணன் எனக்காக ஜன்னல் ஓரம் புது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். பாவமாக இருந்தது.

"உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராதோ என்று பயமாக இருந்தது. நின்றபடியே, வரவில்லை என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி.