பூனை கொடுத்த பணம்

என் அக்கா புருஷனுக்குத் தொழில் வட்டாரத்தில் பல்லி என்று பெயர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். மொட்டைமாடித் தூணில் கயிற்றைக் கட்டி, பலகையில் உட்கார்ந்து, முடிச்சைத் தளர்த்தித் தளர்த்தித் தானே இறங்குவார். மேலே நின்று கயிற்றின் கட்டைப் பார்த்துக்கொள்வதும் வாளியை இறக்கிவிடுவதும் என் வேலை. மாமா நல்லவர்தான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள்.

போன மாதம் ஐந்தாம் மாடி சன்ஷேடில் ஒரு வீட்டுப் பூனை மாட்டிக்கொண்டது. மாமா கயிற்றில் ஆடி ஆடிப் பக்கவாட்டில் போய், அதைப் பிடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்செல்லாம் கீறல். வீட்டுக்கார அம்மா அழுதுகொண்டே ஒரு கவரை அவர் கையில் திணித்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டு மாதக் கூலி! மாமா எனக்குப் பங்கு தர வந்தார். கீறல் வாங்கினது நீங்கள்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"ஆனா மொதல்ல கயிறு வாங்குங்க மாமா."

காரணம் இருந்தது. கயிற்றின் மேல்முனைதான் சுவர் விளிம்பில் உரசித் தேயும். தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறுமுனையை மேலே கட்டுவோம். தலைமாற்றுவது என்போம். ஒரு கயிற்றை ஒரு தடவைதான் தலைமாற்றலாம். இந்த மகராசன் இரண்டாம் தடவையும் மாற்றியிருந்தார். அதாவது, தேய்ந்துபோனது என்று ஒதுக்கிய முனையே மறுபடி மேலே வந்துவிட்டது.

"இந்தக் கட்டடம் தாங்கும் மச்சான்."

"போன கட்டடத்துக்கும் இதேதான் சொன்னீங்க."

"பொண்ணு நர்சிங் சேரணும். காலேஜ் திறக்கிற வரைக்கும் இந்தப் பணத்தைத் தொடக்கூடாதுன்னு உங்கக்கா அரிசி டின்னுக்குள்ள வெச்சிருக்கா. கயிறு, கூடவே பாதுகாப்புக்கு இன்னொரு கயிறுன்னு வாங்கினா பாதிக்கு மேல காலி. அவகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் நான் பொல்லாதவனாயிடுவேன்."

நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கீழே தொங்கிக்கொண்டு சினிமாப் பாட்டை முணுமுணுப்பார். நான் மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, விளிம்பில் மடித்துப் போட்ட சாக்கின்மேல் கயிறு நெளிவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பலகை கொஞ்சம் ஆடினாலும் கயிற்றைக் கையால் பிடித்துக்கொள்வேன். அந்தக் கவரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. கையில் காசில்லாதபோது தொங்கினோம், சரி. காசை வைத்துக்கொண்டே தொங்குவதை என்னவென்று சொல்வது?

இன்று காலை மாமாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. நாலாம் மாடி ஜன்னல் ஓரம் மட்டும் பாக்கி. கீழே கான்ட்ராக்டர் காட்டுக்கத்தல் கத்துகிறார்.

"நீங்க உட்காருங்க மாமா. நான் எறங்குறேன்."

"உனக்குப் பழக்கமில்ல."

"உங்களுக்கு முந்தியே நான் தொங்கினவன். மறந்துட்டீங்களா?"

பலகையை இழுத்து ஒரு காலைக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டேன். பின்னாலிருந்து என் சட்டைக் காலரை அவர் பிடித்தார். தூக்க முடியாத அதே கையால் பிடித்தார்.

"வேணாம்."

"ஏன்? கயிறு நல்லாத்தானே இருக்கு?"

அவர் காலரை விடவில்லை. கழுத்தை இறுக்கியது.

"சொல்லுங்க மாமா. தாங்கும்னீங்களே!"

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கக்கா மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

எனக்கு வந்த கோபத்தில் கண்ணெல்லாம் இருட்டியது. "உங்களுக்கு ஆச்சுன்னா? நான் அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அதை என்னிக்காவது யோசிச்சீங்களா?"

அவர் பேயறைந்தவர்போல் நின்றார். நான் காலை உள்ளே எடுத்தேன். கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி, கத்திக்கொண்டிருந்த கான்ட்ராக்டரைத் தாண்டி, நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா பின்னாலேயே வந்தார்.

சமையலறைத் தரையில் கயிற்றைப் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா குனிந்து மேல்முனையைக் கையில் எடுத்துப் புரியைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த இழை பஞ்சாகக் கையோடு வந்தது.

"இதுலயா தொங்குனீங்க?" என்றாள். மாமா சுவரைப் பார்த்தார்.

அவள் திட்டவில்லை. அரிசிக்குள் கையை விட்டுக் கவரை எடுத்து அவர் மடியில் போட்டாள். வாசற்படியில் நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இந்த வருஷம் காலேஜ் இல்லை என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டு புதுக் கயிறுகளோடு திரும்பினோம். உள்ளே அழுகைச் சத்தம் இன்னும் ஓயவில்லை. மாமா கதவோரம் நின்றார்.

"அப்பா மேல கோபமா கண்ணு? அடுத்த வருஷம் எப்படியாவது சேர்த்துடறேன். இந்த நாலாம் மாடி ஒண்ணை மட்டும் பழசுலயே முடிச்சிட்டா, புதுசைப் பிரிக்காம அப்படியே கடையில திருப்பிக் கொடுத்து..."

கதவு படாரென்று திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு அவள் எங்களைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். காய் நறுக்கும் கத்தியை எடுத்தாள். பழைய கயிற்றின் மேல் உட்கார்ந்து, ஒரு முழத்துக்கு ஒன்றாக வெட்ட ஆரம்பித்தாள்.