ஆறுதலுக்கு வந்த கிடா

ராத்திரி வேலைக்காரிக்கு இருப்பதெல்லாம் ஒரே வேலைதான்: சாயங்காலம் கையில் ஒப்படைத்த உயிர்களை விடியற்காலையில் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். சந்தவாசலுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள ஒரு பெண்கள் மனநலக் காப்பகத்தில் எனக்கு அந்த வேலை. நர்சிங் எல்லாம் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நீங்களும் இரவு வேலை பார்ப்பவர் என்றால் மேலே சொல்ல வேண்டாம். பகலில் படுத்தால் கண் மூடும், மனசு மூடாது.

நாய்க்குப் பிடித்த ஆள்

வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் டாக்டர்தான் ஆரம்பித்து வைத்தார். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், பாசம் வைக்க ஒரு பிராணி இருந்தால் இவர்கள் மனசு கொஞ்சம் இளகும் என்றார். காப்பகத்தை நடத்தும் சிஸ்டர் அடுத்த வாரமே ஒரு நாட்டு நாயைக் கொண்டுவந்துவிட்டார். பெண்கள் எல்லோரும் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அது ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், சமையல் செய்யும் கமலாக்காவின் காலடியில் படுத்துவிட்டது.

சோற்று வாசனைக்குத்தான் போகிறது என்று சிரித்தோம். ஆனால் அடுப்பு ஆறிய பிறகு, கமலாக்கா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார் பாருங்கள், அப்போதும் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு நகராது. கட்டிப் போட்டால் ஊளையிடும். ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மனசு சரியில்லன்னு டாக்டர் சீட்டு வெச்சினு கீறவங்க இத்தினி பேர் கீறாங்க. எனுக்கும் சரியில்லன்னு இந்தச் சனியனுக்கு யாரும்மா சொன்னது?"

காணிக்கை

நாய் கைவிட்டதால் அடுத்தது ஆடு. எங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் ஏழுமலை ஒரு காலையில் கிடாக்குட்டி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை, கழுத்தில் மஞ்சள் துணி. அவர் மனைவி அப்போது எழுந்து நடக்க முடியாமல் வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இங்கே புல் இருக்கிறது, நேர்ந்துவிட்டது, விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாராம்.

எங்கள் மாதா கோயிலில் நேர்ச்சை ஆடு கொண்டுவந்து கட்டினால் அதோடு சரி. அது கோயில் சொத்து. கொடுத்தவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆகவே சிஸ்டருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. சிஸ்டர் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஆளுங்களே இப்பெல்லாம் குடுக்கறதில்ல. நல்ல மனுஷன்மா அவரு."

ஒரு தட்டுச் சோறு

தெரேசா எங்களிடம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் வந்தாள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ராத்திரி முழுக்க வராந்தாச் சுவரில் விரலைத் தேய்த்தபடி நடப்பாள். நான் பின்னால் நடப்பேன். சோற்றை ஊட்டினால் வாயில் வைத்திருப்பாள், விழுங்க மாட்டாள். ஆள் நாளுக்கு நாள் இற்றுக்கொண்டே வந்தாள். இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் குட்டி என்ன கண்டதோ, அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது. அவள் முன்னால், ஆடு நடுவில், நான் கடைசியில். ஊர்வலம்தான். ஒரு சாயங்காலம் அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தபோது, அது வந்து சோற்றில் வாயை வைத்தது. தெரேசா திடுக்கிட்டுத் தட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் அள்ளி அள்ளித் தின்றாள். நாங்கள் கேட்ட அவளுடைய முதல் பேச்சு அதுதான்: "ச்சீ, தள்ளிப் போ. இது என் சோறு."

ஆட்டின் வயிறு

அதற்குப் பிறகு கிடா அவள் கட்டிலுக்குக் கீழே படுத்தது, அவள் கட்டிலில் படுத்தாள். தூங்கினாள். நீங்கள் கேட்கலாம், இதில் என்ன குறை என்று. பக்கத்துக் கட்டில்காரியின் ரிப்பனைத் தின்றது, சிஸ்டரின் காலண்டரில் பாதி மாதத்தைத் தின்றது, விடிந்தால் புழுக்கை கூட்டுவது என் தலையில் விழுந்தது. அதெல்லாம் குறையே இல்லை.

ஒருநாள் சமையலறைப் பக்கம் கொட்டியிருந்த பலாச்சக்கையைத் தின்றுவிட்டு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. அது எழுந்திருக்கவில்லை, தெரேசாவும் எழுந்திருக்கவில்லை. சோறு இல்லை, தண்ணீர் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து எண்ணெய் புகட்டி, ஆடு புழுக்கை போட்ட பிறகுதான் இவள் ஒரு வாய் கஞ்சி குடித்தாள். அன்றைக்கு வந்திருந்த எங்கள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எத்தனை மாத்திரை மாத்தி மாத்திக் குடுத்தேன் இந்தம்மாவுக்கு! கடைசியில ஒரு ஆட்டு வயித்த நம்பி நிக்கறோம்."

ஒரு சொம்புத் தண்ணீர்

ஆடி மாதம் ஏழுமலை வந்தார், கையில் கயிறோடு. அப்போதுதான் நான் வேலைக்கு வந்து செருப்பை விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து நடக்கிறாளாம், அவர்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டதாம், கிடாவைக் கூட்டிப் போக வந்தாராம். சிஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு ஆடு வாங்கித் தருகிறோம் என்றார். "வேற ஆடு சாமிக்கு ஆவாது சிஸ்டர், இத்தக் காட்டித்தான் வேண்டிக்கினேன்" என்றார் அவர். தெரேசா தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்ததும் ஏழுமலைக்கும் மனசு கேட்கவில்லை. இங்கேயே தலையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றார். கிடா உடம்பைத் துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துலுக்காவிட்டால் சாமிக்கு வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும். ஒரு சொம்பு ஊற்றினார். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு. அசையவில்லை, தெரேசாவைப் பார்த்தபடி சொட்டச் சொட்ட நின்றது. ஏழுமலை பெருமூச்சு விட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மலைக்காற்று சில்லென்று வீச, தெரேசா ஓடிவந்து, "குளிருது இதுக்கு" என்று முந்தானையால் அதன் காதைத் துவட்டினாள். கிடா தலையிலிருந்து வால்வரை ஒரே துலுக்காகத் துலுக்கியது. எங்கள் எல்லோர் மேலும் தண்ணீர் தெறித்தது.

ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் பாக்கலம்மா. பையத் தேடிக்கினு இருந்தேன்" என்றார். தெரேசா அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கினாள். தானே கிடாவின் கழுத்தில் கட்டி, நுனியை அவரிடம் நீட்டினாள். "பாத்தீங்கண்ணா. நானும் பாத்தேன். வூட்ல அக்கா நடக்கறாங்க இல்ல, கூட்டினு போங்க."

முயல் வேண்டாம்

அன்று முதல் தெரேசா மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்; வராந்தாவில் அவள் முன்னால், நான் பின்னால். ஆனால் முன்பெல்லாம் சுவரைப் பார்த்து நடந்தவள், இப்போது அழுதுகொண்டே நடந்தாள். நடந்து முடித்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போதும் அழுதாள். இதை நல்லதென்று எடுத்துக்கொள்வதா கெட்டதென்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ராத்திரி விழித்திருந்தும் அது மட்டும் பிடிபடவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ஜோடி முயல் வாங்கிவிடலாம், முயலை யாரும் சாமிக்கு நேர்ந்துவிடுவதில்லை என்று சிஸ்டரிடம் சொன்னார். தெரேசா காதில் அது விழுந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "வாணாம் டாக்டர். மொதல்ல இதுக்கு அழுதுக்கறேன்."

ஆறுதலுக்கென்று ஓர் உயிரை வளர்ப்பதில் நான் கண்ட ஒரே குறை, அதற்கும் உயிர் இருப்பதுதான்.