வாடகைக் காரின் முன் சீட்டு

கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்க... வெயிலில் காய்ந்த புது பிளாஸ்டிக், யாரோ அடித்து வைத்த எலுமிச்சை ஸ்பிரே, எல்லாம் கலந்து. பிரான்ஸில் நாங்கள் எடுத்த வாடகைக் காரின் வாசனை அது.

அண்ணன் மகள் லீவுக்குக் குடும்பத்தோடு அங்கே போகிறாள். "அத்தை, நீங்கதான் அங்க கார் எடுத்து சுத்துனவங்களாச்சே, எதாச்சும் சொல்லுங்க" என்று போன் பண்ணினாள். அஞ்சாவதோடு நின்றவள் நான். என்னிடம் வெளிநாட்டு ரோடு ரூல் கேட்கிறாள்... போனை வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதான் இங்கேயும் எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்காரர் டிரைவர். எங்க ஊர் நெரவியில் எல்லாருக்கும் தெரியும். ஓனர் வண்டி. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு, மற்ற நாளில் நாகூர், வேளாங்கண்ணி. அந்த வண்டியில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. சவாரி வண்டியில் வீட்டு ஆளை ஏற்றக் கூடாது என்று ஓனர் சொல்லி வைத்திருந்தார், இவரும் மீற மாட்டார். வாசலில் வண்டி கழுவும்போது பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ்வளவுதான்.

அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை போகணும்... அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மகள் கல்யாணமாகி பிரான்ஸ் போனாள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்ம ஊரில் அது பக்கத்துத் தெருவில் கட்டிக் கொடுக்கிற மாதிரிதானே. எங்களையும் வரவழைத்தாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. "நாம மூணு பேரும் ஒரு கார் எடுத்துட்டு கடலுக்குப் போவோம்" என்றாள்.

"நம்ம பட்டினச்சேரியில இல்லாத கடலா?" என்று இவர் கேட்டார். வாய்தான் அப்படி. ஊரிலிருந்து கிளம்பும்போதே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி சட்டைப் பையில் வைத்திருந்த மனுஷன்.

கார் கொடுக்கிற கவுண்டரில் முகம் வாடிவிட்டது. யார் பேரில் கார் எடுக்கிறோமோ அவர் பேரிலேயே கிரெடிட் கார்டு வேணுமாம். இவரிடம் ஏது. மகள் தன் பேரில் எடுத்து, இவரை இரண்டாவது டிரைவராகச் சேர்த்தாள். சேர்க்காமல் ஓட்டி எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் வராதாம். அப்புறம் காரைச் சுற்றி வந்து, இருக்கிற கீறலை எல்லாம் வீடியோ எடுத்தாள். இவர் பின்னாலேயே போய் ஒவ்வொரு கதவையும் தடவிப் பார்த்தார், மாடு வாங்கப் போனவர் மாதிரி.

டவுனுக்குள் மகள் ஓட்டினாள். வெளியே வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினாள். மூணு பேரும் இறங்கினோம். இனி அப்பா முறை.

"அம்மா, நீ பின்னாடியே இரு. அப்பாவுக்கு நான் பக்கத்துல இருந்து ரூல்ஸ் சொல்லணும்."

"சரிம்மா" என்றேன். பின் கதவில் கை வைத்தேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன், பின்னால இருந்து சொன்னா என் காதுல ஏறாதா? உங்கம்மா முன்னால வரட்டும்."

"விளையாடாதீங்கப்பா. இங்க எல்லாமே நம்ம ஊருக்கு மாத்தி."

"ஊரான் வீட்டுப் பொம்பளைங்களை எல்லாம் ஏத்தி இறக்கிட்டேன். என் பொண்டாட்டி இன்னும் பக்கெட்டோட நிக்கிறாம்மா."

மகள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்... நிமிர்ந்தால் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங்.

அங்கே டிரைவர் சீட்டு இடது பக்கம். எனக்கு யார் சொன்னார்கள்.

இவர் ஜன்னலில் குனிந்தார். "சரி, நீயே ஓட்டு. நான் கிளீனரா பின்னால நின்னு விசில் அடிக்கிறேன்."

மகள் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது.

கிளம்பினோம். கியர் போடப் போன இடது கை கதவில் போய் இடித்தது. திரும்புவதற்கு லைட் போட்டால், காய்கிற வெயிலில் வைப்பர் ஆடியது. பின்னாலிருந்து மகள், "வலது பக்கம்பா, வலது... ஹார்ன் அடிக்காதீங்க, சண்டைக்கு இழுக்குறோம்னு நினைப்பாங்க" என்று ஓதிக்கொண்டே வந்தாள்.

ஒரு சின்ன சந்திலிருந்து ஒரு கார் அது பாட்டுக்கு வெளியே வந்தது. இவர் பிரேக்கை மிதித்தார்.

"சந்துல இருந்து வர்றவனுக்கு மெயின் ரோட்டுக்காரன் நிக்கணுமா?"

"போர்டு இல்லாத இடத்துல, வலது பக்கத்துல இருந்து வர்றவங்களுக்குத்தான் முதல் வழிப்பா."

"இதை நம்ம ஊர்ல சொன்னா ஒரு பஸ்ஸும் வீடு போய்ச் சேராது."

எனக்கும் வேலை இருந்தது. வலது ஓரம் என் பக்கம்தானே. "ஏங்க, ஓரம் ஓரம்... கண்ணாடி செடியில உரசுதுங்க" என்பேன். "பொண்டாட்டியைப் பக்கத்துல வச்சா இதான் தொல்லை" என்பார். அடுத்த திருப்பம் வந்தால், "ஓரம் பாரு" என்று அவரே கேட்பார்.

கடல் எப்படி இருந்தது என்று கேட்காதீங்க. போன வழிதான் ஞாபகம்.

போன தையில் அவர் போய்விட்டார்.

இப்போது போன் பண்ணினால் வாசலுக்கே கார் வருகிறது. முன் சீட்டில் உட்காராதே என்று சொல்ல யாருமில்லை. மகள் வருகிறாள் என்று போன வாரம் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரு கார் சொன்னேன். டிரைவர் பக்கத்து ஊர் தருமபுரத்துத் தம்பி, புதுசாகக் கல்யாணமானவர். முன் கதவைத் திறந்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரம்மா இந்தக் கார்ல ஏறியிருக்காங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"சவாரி வண்டியில எங்கேக்கா ஏத்துறது... ஓனர் திட்டுவாரு."

"இன்னைக்கு வண்டிக்கு நான்தான் ஓனர். வீட்டுப் பக்கம் விடுங்க."

அந்தப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தது. காரில் ஏறச் சொன்னதை நம்பவில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தது. முன்னால் ஏறி, பெல்ட் எங்கே என்று தெரியாமல் தேடியது.

நான் பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அதை இழுத்துக் கொடுத்தேன்.