இல்லி கட்டி இதெ

வலது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், புருவத்துக்குச் சற்றுக் கீழே வலி ஆரம்பித்தது. முதலில் வெறும் தலைவலி என்றுதான் நினைத்தேன். போகப் போக, நிமிர்ந்து மேலே பார்த்தாலே கண்ணைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவளுக்குக் கண் வலித்தால் எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். "வெல்டிங் ஆர்க் அடிச்சிருக்கும்க்கா. உருளைக்கிழங்கை வட்டமா வெட்டிக் கண்ணு மேல வெச்சிட்டுப் படுங்க." நான் வெல்டிங் பக்கமே போகிறவள் இல்லை. பார்ட்ஸில் கீறல், பிசிர் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை எனக்கு. சொன்னால் யார் கேட்கிறார்கள்? கிழங்கையும் வைத்துப் பார்த்தேன். குழம்புக்கு ஆக வேண்டியது வீணானதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் ஷிப்டில், கையிலிருந்த ஒற்றை போல்ட் இரண்டாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. பார்வை போனால் என் பிழைப்பும் போச்சு.

மறுநாளே என் வீட்டுக்காரர் பைக்கில் உட்கார வைத்து, ஜூஜுவாடி எல்லை தாண்டி, கர்நாடகத்தில் அத்திபெலே பக்கம் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். வீட்டுக்காரருக்குச் சூளகிரி சொந்த ஊர். கன்னடம், தெலுங்கு இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் ஊத்தங்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தக்காளி பேரம் பேசுகிற அளவுக்குத்தான் என் கன்னடம்.

டாக்டர் கண்ணின் உள்மூலையில் விரலை வைத்து அழுத்தினார். உயிர் போய் வந்தது. அவர் நர்ஸ் பக்கம் திரும்பி, "இல்லி கட்டி இதெ" என்றார். இல்லி என்றால் இங்கே. இதெ என்றால் இருக்கிறது. நடுவில் இருந்த சொல்லை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நர்ஸ் சொட்டு மருந்து விடப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். "ஸ்கேன் எடுக்கணுமாம்" என்றார்.

ஸ்கேனுக்குப் பெஞ்சில் காத்திருந்தோம். கண்ணையே எடுத்துவிடுவார்களா, அதற்குள் மூளைக்குப் போயிருக்குமா, ஆறாவது படிக்கிற மகளுக்கு இனி யார் தலை பின்னுவார்கள் என்று என்னென்னவோ ஓடியது. கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். வாயைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் இந்த மனுஷன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்பப் பாத்தாலும் அந்த எழவு போன்தானா? பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியுதா இல்லியா?"

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. மெஷினுக்குள் படுத்திருந்தபோது அது போட்ட சத்தத்தில் சாமி பெயர்கூட ஒழுங்காக வரவில்லை.

சாயங்காலம் டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கண் குழிக்குள், கண்ணைச் சுழற்றுகிற தசையைச் சுற்றி அழற்சியாம். அதனால் வந்த வீக்கமாம். தலைவலியும் இரட்டைப் பார்வையும் அதனால்தானாம். மாத்திரையில் குறையுமாம், நடுவில் மட்டும் நிறுத்திவிடக் கூடாதாம்.

"அப்ப அந்தக் கட்டி?" என்று கேட்டேன்.

டாக்டர் விழித்தார். வீட்டுக்காரர்தான் சொன்னார். "அது கன்னடக் கட்டி. தொட்டா கெட்டியா இருக்குன்னு அர்த்தம்." டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே பைக் பக்கத்தில் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அப்பவே சொல்றதுக்கு என்ன கேடு? காலையிலேர்ந்து செத்துப் பொழச்சிட்டு இருக்கேன்."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "என்னன்னு சொல்லச் சொல்ற? நீ மருந்து விடப் போனப்ப, உள்ள கட்டியாவும் இருக்கலாம், ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும்னு எங்கிட்டச் சொன்னாரு." குரல் உடைந்துவிட்டது. கல்யாணமான நாளாக அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"அதை ஒண்டியா வெச்சிக்கிட்டா உக்காந்திருந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?" என்றார்.